பயணியின் கமராப் பெட்டி

நம் கல்லூரி அன்னையின் யூபிலி விழாவிற் கலந்துகொள்ளும் பொருட்டுக் கடல்கடந்து வாழும் பழைய மாணவர் பலர் தாயகம் வரவிருக்கின்றனர். அவருள் ஒருவர் எம்மோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர். இப்பொழுது கனடா நாட்டில் வாழ்பவர். ஓய்வு வேளைகளிற் படம் பிடித்தலிற் பெருவிருப்புடையவர். மூன்று மாத விடுமுறையில் வரவிருக்கும் அவர், அண்மையில் எமக்கு விடுத்த மடலில் ஒரு வினாவை எழுப்பியிருந்தார். "என்னிடம் இரண்டு கமராக்கள் உள, ஐந்து வில்லைகள் உள, முக்காலி ஒன்றும், வானிற் பறந்து படம் பிடிக்கும் பொறி ஒன்றும் உள. அனைத்தையும் தூக்கிவர முதுகு இடந்தராது. இறக்கக்கண்டியின் வெயிலும் உப்புக்காற்றும் உனக்குத் தெரியும். எதைக் கொண்டுவருவது, எதை விட்டுவருவது, நீயே சொல்" என்பது அவ்வினா.

தமிழாசிரியனிடம் கேட்கும் கேள்வியா இது என்று சிலர் நகைக்கலாம். ஆசிரியப் பயிற்சிக் கலாசாலையில் எமக்குக் கரும்பலகையிற் கோணாது எழுதக் கற்பித்தார்கள். கமராவைக் கையாளக் கற்பித்தார்களல்லர். எனினும் இக்கேள்வியை எண்ண எண்ண, இது கருவி பற்றிய கேள்வி மட்டுமன்று என்பது எமக்குப் புலனாயிற்று. எடுத்ததைக் காப்பது எங்ஙனம், காத்ததை உரியவரிடம் சேர்ப்பது எங்ஙனம் என்பன ஏடு படித்த தமிழாசிரியனுக்குப் புதிய கேள்விகள் அல்ல. ஆதலின் எம் கருத்தை ஒளியாது முதலிலேயே கூறிவிடுகின்றோம். கமரா ஒன்று போதும். வில்லை ஒன்று போதும். மிஞ்சிய இடத்தில், பிடித்த படத்தை அதில் உள்ளவர் கையிற் கொடுத்தற்கு வேண்டியதை வைத்துக்கொண்டு வருக.

கமராப் பெட்டியைக் கட்டுதல் இன்று எழுந்த சிக்கலன்று. 1875ஆம் ஆண்டு யூலியா மார்கரெட் கமரன் என்னும் புகழ்பெற்ற ஆங்கிலப் படப்பிடிப்பாளர் தம் கணவரோடு இலங்கையிற் குடியேற வந்தார். கமராக் கருவிகளோடு ஒரு பசுவையும், இந்நாட்டிற் கிடையாதோ என்றஞ்சி இரண்டு சவப்பெட்டிகளையும் அவர் கப்பலேற்றி வந்தார் என்று அவர் வரலாறு எழுதினோர் கூறுவர். சவப்பெட்டி வரையில் எண்ணிப் பார்த்த அம்மையார்க்கும் ஒன்று தப்பிற்று. அக்காலத்துக் கண்ணாடித் தகட்டுப் படத்திற்குத் தூய நீரும் மருந்துச் சரக்குகளும் இன்றியமையாதன. அவை இங்கே எளிதிற் கிடைத்தில. 1879ஆம் ஆண்டு மலைநாட்டில் உயிர்துறக்கும் வரையில் அவர் இந்நாட்டில் எடுத்தனவாய் இன்று எஞ்சியுள்ள படங்கள் மிகச் சிலவே. செல்லும் இடத்தின் நீரையும் காற்றையும் அறியாது கட்டிய பெட்டி எத்துணைப் பெரிதாயினும் பயன் தருவதில்லை.

எனவே முதலில் நம் இடத்தின் இயல்பைக் கூறுவோம். திருகோணமலை நகரினின்று வடக்கே சென்று நிலாவெளியைக் கடந்தால் இறக்கக்கண்டி. ஒருபுறம் கடல், மறுபுறம் களப்பு. கச்சான் காற்று வீசும் மாதங்களில் மணல் பறக்கும். வாடை எழுந்தபின் மழை பெய்து வீடெல்லாம் ஈரம் ஊறும். கடற்கரையில் நின்று வில்லையைக் கழற்றி மாற்றினால், மாற்றும் அக்கணத்தில் மணலும் உப்பும் கமராவின் வயிற்றுக்குட் புகுந்துவிடும். ஐந்து வில்லைகள் கொண்டுவந்தவர் ஐம்பது முறை மாற்றுவார். ஒன்றோடு வந்தவர்க்கு அவ்விடர் இல்லை. ஈரக்காற்றில் மூடிவைத்த வில்லையினுட் பூஞ்சணம் படரும். உப்புப் படிந்த கருவியை மாலைதோறும் சற்றே நனைத்த துணியால் துடைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்காப் பொட்டலங்களோடு வைத்தல் வேண்டும். ஒரு கமராவுக்கு இதைச் செய்ய ஒருவர்க்குப் பொறுமை இருக்கும். பல கருவிகளுக்கு இராது.

எந்த வில்லை எனின், கண்ணுக்குத் தோன்றும் அளவாகவே காட்டும் 35 அல்லது 50 மில்லிமீற்றர் வில்லை போதும் என்போம். பிரெஞ்சு நாட்டு ஆன்றி காட்டியே பிரெசோன் தம் வாழ்நாளிற் பெரும்பகுதி ஒரு சிறிய இலைக்காக் கமராவும் 50 மில்லிமீற்றர் வில்லையுமாகவே உலகைச் சுற்றினார்; 1948ஆம் ஆண்டு காந்தியடிகளின் இறுதி நாளில் அவரைப் படம் பிடித்ததும், பின்னர் அவ்விறுதி ஊர்வலத்தைப் பிடித்ததும் அத்தகைய எளிய கருவியே. அவ்வில்லைக்கு ஒரு நற்குணம் உண்டு. அதைக் கொண்டு ஒருவர் முகத்தைப் பிடிக்க வேண்டுமாயின் அவர் அருகே சென்று பேசியே ஆதல் வேண்டும். நெடுந்தொலைவு வில்லை அவ்வுறவை வேண்டுவதில்லை. கள்வன்போல் மறைந்து நின்றும் அதனாற் படம் பிடிக்கலாம். புறாமலைத் தீவின் பறவைகளைப் பிடிக்க வருபவர்க்கு நெடுவில்லை வேண்டும் என்பதை மறுக்கின்றிலோம். ஊரையும் உறவையும் காண வருபவர்க்கு அது வேண்டியதில்லை.

வேறு சிலவற்றை விரைந்து கூறிவிடலாம். மேலதிக மின்கலங்களை வானூர்தியில் அடியிற் செல்லும் பொதியுள் இடலாகாது. கைப்பையிலேயே கொணர்தல் வேண்டும். 100 வாற்று மணிக்கு உட்பட்டவற்றுக்குத் தனி அனுமதி வேண்டியதில்லை. பழைய பிலிம் கமராவை விரும்புவோர் பிலிமையும் கைப்பையிலேயே கொணர்க. அடிப்பொதியைச் சோதிக்கும் கதிர் அதனைக் கெடுக்கும். நம் பழைய வீடுகளின் மின்செருகி துளைகள் வட்டமானவை, புதிய வீடுகளுடையவை சதுரமானவை. இரண்டுக்கும் பொருந்தும் இணைப்பு ஒன்று நன்று. வானிற் பறக்கும் பொறியை வீட்டிலேயே விட்டுவருதல் மேல். அதற்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் ஒழுங்குகள் உள. துறைமுகமும் கடற்படைத் தளமும் சீனன்குடா விமானத் தளமும் அமைந்த மாவட்டத்தில் அதைப் பறக்கவிட்டு, விருந்தளித்த வீட்டாரை விசாரணைக்கு உள்ளாக்குவது நன்றன்று.

இனி, மிஞ்சிய இடத்தில் வைப்பது யாது என்னும் பகுதிக்கு வருவோம். இதுவே எம் கட்டுரையின் உயிர்.

1915ஆம் ஆண்டு தென்துருவக் கடலிற் சர் ஏர்ணஸ்ட் சாக்கில்ற்றனின் 'என்டியூறன்ஸ்' என்னும் கப்பல் பனிக்கட்டிகளால் நெரிபட்டு அழிந்தது. கப்பலின் படப்பிடிப்பாளர் பிறாங் ஏர்லி, பனிநீரில் இறங்கித் தம் கண்ணாடித் தகடுகளை மீட்டார். ஆனால் இனிப் பனிமேல் நடந்தும் சிறு படகில் ஏறியும் உயிர் பிழைக்க வேண்டிய நிலை. எடை ஒவ்வொன்றும் உயிருக்கு எதிரி. தலைவரும் அவரும் பனிமேல் அமர்ந்து தகடுகளை ஒவ்வொன்றாய் நோக்கி, ஏறத்தாழ 120ஐ வைத்துக்கொண்டு, ஏறத்தாழ 400ஐ அங்கேயே உடைத்தனர். மனம் மாறித் திரும்ப எடுத்தலாகாது என்பதற்காகவே உடைத்தனர். பெருங்கமராக்களையும் அங்கேயே கைவிட்டு, சட்டைப்பைக்கு அடங்கும் ஒரு சிறு கொடாக் கமராவையும் மூன்று பிலிம் சுருள்களையும் மட்டும் ஏர்லி தம்மோடு கொண்டார். பின்னர் நிகழ்ந்தவற்றை நாம் அறிவது அச்சிறு கமராவினாலேயாம். 1969ஆம் ஆண்டு சந்திரனில் முதன்முதல் இறங்கிய வீரர் தாம் பயன்படுத்திய ஆசல்பிளாட் கமராவை அங்கேயே விட்டுப் பிலிமை மட்டும் கொண்டு மீண்டதையும் இதனோடு வைத்து எண்ணுக. இடுக்கண் வந்துழிக் கருவி எறியப்படும், படமே காக்கப்படும்.

ஏர்லி பனிமேல் இருந்து தெரிந்த அத்தெரிவை எம் ஊரவர் 1990ஆம் ஆண்டு தத்தம் வீட்டு வாயிலில் நின்று தெரிந்தனர். அவருக்கு நாழிகைகள் இருந்தன. எமக்கு நிமிடங்களே இருந்தன. அப்பொழுது யாம் சிறுவர். எம் அன்னையார் காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழ்களையும் ஒரு சீலையில் முடிந்தார், சோற்றுப்பானையை எடுத்தார், எங்களைக் கையிற் பிடித்தார். எம் பெற்றோரின் மணக்கோலப் படம் சுவரிலேயே தொங்கிற்று. திரும்பி வந்து பார்த்தபொழுது படம் இல்லை, சுவரும் இல்லை. அவரை யாம் குறைகூறுகின்றிலோம். எவரும் அங்ஙனமே செய்திருப்பர்.

எம் தந்தையார் கரைவலைத் தொழிலாளி. 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்த உடன்பாட்டின் பின்னர் வெளிநாட்டார் மீண்டும் எம் கடற்கரைக்கு வரலாயினர். அடுத்த ஆண்டில் ஒருநாள் ஒரு பயணி வந்தார். கழுத்தில் இரண்டு கமராக்கள், தோளில் ஒரு பெரிய பெட்டி. அம்பாப் பாடி வலை இழுத்த எம் தந்தையாரை அவர் நின்றும் இருந்தும் படுத்தும் பல படங்கள் பிடித்தார். பிடித்தவற்றைக் கமராவின் பின்புறத்துச் சிறுதிரையிற் காட்டவும் செய்தார். தம் முகத்தைத் தாமே கண்டு தந்தையார் நாணிச் சிரித்தார். முகவரியை எம்மிடமே எழுதி வாங்கிக்கொண்ட பயணி, படங்களைத் தபாலில் அனுப்புவதாகக் கூறிச் சென்றார். தந்தையார் சில மாதங்கள் தபாற்காரரை வினவினார். பின்னர் வினவுவதை விட்டார்.

2004 டிசெம்பர் 26ஆம் நாள் கடல் எழுந்து வந்தது. இலங்கையில் மட்டும் 30,000க்கு மேற்பட்டோரைக் கொண்ட அக்கடல் எம் தந்தையாரையும் கொண்டது. அந்தியேட்டிக்கு ஒரு படம் வேண்டியிருந்தது. எம்மிடம் இருந்தது அவரது அடையாள அட்டைப் படத்தின் நிழற்பிரதி ஒன்றே. அதை நகரத்து ஸ்ரூடியோவிற் கொடுத்துப் பெரிதாக்கினோம். பெரிதாக்கப் பெரிதாக்க முகம் புள்ளிகளாய்க் கலைந்தது. இன்றும் எம் வீட்டுச் சுவரில் இருப்பது அப்படமே. அதில் அவர் சிரிக்கவில்லை. சிரித்த முகம் உலகின் எந்நாட்டிலோ, எவர் வீட்டுப் பெட்டியிலோ இன்றும் இருக்கலாம். அதன் உரிமையாளர்க்கு அது ஒரு மீனவனின் படம். அது எம் தந்தையார் என்பதை அறிந்தவர் அதனைக் காண்பதற்கில்லை. அப்பயணியை யாம் வெறுத்ததில்லை. அவர் தீயவரும் அல்லர். அவர் பெட்டியில் எல்லாம் இருந்தன. கொடுத்துச் செல்வதற்குரிய ஒன்று மட்டும் இல்லை.

இதற்கு மறுதலையான ஒன்றும் எம் வாழ்வில் உண்டு. க.பொ.த. சாதாரண தரம் படித்த ஆண்டில் நம் வகுப்பாரைக் கல்லூரி முற்றத்தில் நிறுத்தி எடுத்த குழுப்படம் மாணவர் ஒவ்வொருவர்க்கும் ஒவ்வொரு பிரதியாய் வழங்கப்பட்டது. எம் பிரதியைக் கடல் கொண்டது. நகரில் இருந்த வேறு நண்பர் சிலரின் பிரதிகளும் இடப்பெயர்விலும் வீட்டு மாற்றத்திலும் மறைந்தன. ஆனால் ஒன்று கனடாவுக்குச் சென்றிருந்தது. அதைக் கொண்டுசென்றவர் படியெடுத்து எமக்கு அனுப்பினார். அவரே இன்று கமராவைப் பற்றி எம்மை வினவும் நண்பர். எதைக் கொண்டுவருவது என்னும் கேள்விக்கு விடையை அவர் முன்னரே செய்து காட்டிவிட்டார். செய்தது இன்னதென்று அவர்க்கே தெரிந்திலது!

பலர் கையிற் பரவியது பிழைக்கும். ஒருவர் கையில் ஒதுங்கியது அழியும். தமிழ் நூல்களின் வரலாறு முழுவதும் இவ்வுண்மைக்குச் சான்று. ஓர் ஊரிற் செல்லரித்த ஏடு மற்றோர் ஊரிற் பிழைத்திருந்தமையாலன்றோ தாமோதரம்பிள்ளையும் சாமிநாதையரும் பழைய நூல்களை ஒப்புநோக்கிப் பதிப்பித்தல் கூடிற்று. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபோது, அச்சிட்ட நூல்களிற் பலவற்றைப் பிற இடங்களினின்று திரும்பப் பெறலாயிற்று. வேறு படி இல்லாத ஏடுகளோ சாம்பலோடு சாம்பலாயின.

படத்துக்கும் இதுவே விதி. படம் பிடிக்கும் கலையைத் தோக்கியோவிலும் நியூயோர்க்கிலும் பயின்ற ஏ. கே. செட்டியார், 1937ஆம் ஆண்டு கப்பற் பயணமொன்றிற் காந்தியடிகளைப் பற்றிய திரைப்படம் ஒன்றை ஆக்கக் கருதினார். அதன் பொருட்டு அவர் தம் கமராவை மட்டும் நம்பினாரல்லர். முப்பது ஆண்டுகளாகப் பல நாட்டார் பிடித்து வைத்திருந்த சுருள்களை நாடு நாடாய்த் தேடிச் சென்று பிரதி பெற்றுத் தொகுத்து, 1940ஆம் ஆண்டு தமிழில் வெளியிட்டார். அத்தகைய அருமுயற்சியின் தமிழ்ப்படியே பின்னாளிற் பல்லாண்டுகள் தேடியும் அகப்படாது போயிற்று. 1953ஆம் ஆண்டு அமெரிக்காவிற் சுருக்கி வெளியிட்ட ஆங்கிலப் படி ஒன்று அந்நாட்டிலேயே பின்னர்க் கண்டெடுக்கப்பட்டது. பிறர் படிகளைத் தேடித் தொகுத்தவரின் உழைப்பையும் எங்கோ எஞ்சிய ஒரு படியே நமக்குக் காட்டிற்று.

நம் ஊரிலும் ஒன்று கூறலாம். 1956ஆம் ஆண்டு ஆதர் சி. கிளாக்கும் மைக் வில்சனும் கோணேசர் மலையடிக் கடலில் மூழ்கி, பழைய கோயிலின் சிதைவுகளை நீர்புகாப் பெட்டியில் அடைத்த கமராவாற் படம் பிடித்தனர். அப்படங்கள் அவர் வீட்டு அலுமாரியிற் கிடந்திருப்பின் நமக்கென்ன பயன்? அடுத்த ஆண்டே அவை நூலாய் வெளிவந்தன; ஆகவே கடலடியில் கிடந்த நம் கோயிற் கற்களை நாமும் கண்டோம்.

ஆதலின் நண்பர்க்கு எம் விடை இது. இரண்டாவது கமராவும் நான்கு வில்லைகளும் வைக்க எண்ணிய இடத்தில், கைத்தொலைபேசியினின்றும் படத்தைப் பெற்று உள்ளங்கையளவாய் அச்சிடும் சிறு அச்சுப்பொறி ஒன்றையும் அதற்குரிய தாள்களையும் வைத்துக்கொள்க. படம் பிடித்த திண்ணையிலேயே, தேநீர் ஆறுமுன், படத்தை அச்சிட்டுக் கொடுக்கலாம். சிறந்த படங்களை நகரத்து ஸ்ரூடியோவிற் பெரிதாய் அச்சிட்டு, புறப்படுமுன் வீடு வீடாய்ச் சென்று கொடுத்து வருக. பின்புறத்தில் ஆளின் பெயர், ஊர், நாள் ஆகிய மூன்றையும் எழுதுக. பெயரில்லாப் படம் இரண்டு தலைமுறையில் அநாதையாகிவிடும்.

"கைத்தொலைபேசியிலேயே அனுப்பிவிடலாமே; தாள் எதற்கு?" என்று இளைஞர் வினவுவர். அனுப்புக, தாராளமாய் அனுப்புக. ஆனால் தொலைபேசி இல்லாத பாட்டியர் இன்றும் எம் ஊரில் உளர். தொலைபேசி உடையார்க்கும் அது உடைந்த அன்றே படமும் போகின்றது. "தாளையும் கடல் கொண்டதே" எனின், உண்மை. எம்மினும் அதை அறிந்தவர் யார்? அதனாலேயே ஒரு படத்தை ஒரு வீட்டிற் கொடுத்து அமையாது, அண்ணன் வீட்டிலும் தங்கை வீட்டிலும் கொடுக்க என்கின்றோம். கமராவில் ஒரு படி, கணினியில் ஒரு படி, கடல்கடந்த வீட்டில் ஒரு படி, உரியவர் சுவரில் ஒரு படி என்று இருக்குமாயின், எல்லாவற்றையும் ஒருங்கே கொள்ளும் கடலும் இல்லை, தீயும் இல்லை.

உயர்கல்விக்கென இவ்வாண்டு கடல்கடக்கவிருக்கும் எம் மாணவர்க்கும் ஒரு சொல். நீங்கள் செல்லும் நாட்டில் எம்மினும் நல்ல கமராக்கள் கிடைக்கும். இங்கிருந்து சுமக்க வேண்டியது வீட்டுப் படங்களின் படிகள். அவற்றைச் சுமந்து செல்லுங்கள். வீட்டிற் கேடு நேர்ந்தால் அவற்றைத் திரும்ப அனுப்பவல்லார் நீங்களே.

இறுதியாக, விழாவுக்கு வரும் பழைய மாணவர் அனைவரிடமும் ஒரு வேண்டுகோள். நம் கல்லூரியின் பழைய படங்களிற் பல கல்லூரியில் இல்லை. அவை உங்கள் வீட்டு இழுப்பறைகளில் இருக்கின்றன. விளையாட்டுப் போட்டி, நாடகம், சரசுவதி பூசை, வகுப்புக் குழு எதுவாயினும் ஆகுக. நாள்தோறும் மணி அடித்த முதியவரும், எமக்குத் தண்ணீர் மொண்டு தந்த அம்மையாரும் ஒரு மூலையிலேனும் நிற்கும் படம் உங்களில் எவரிடமாவது இருக்கும். அவர்தம் பிள்ளைகளிடம் அது இல்லாதிருக்கக்கூடும். வரும்பொழுது கமராவைக் குறைத்து அவற்றைக் கொண்டுவாருங்கள். விழா நாட்களிற் கல்லூரி நூலகத்தில் அவற்றைப் படியெடுத்து, மூலத்தை உங்களிடமே திரும்பத் தர யாமும் எம் மாணவரும் காத்திருக்கின்றோம். இறக்கக்கண்டிக்கும் வாருங்கள். கரைவலை இழுப்போரை அருகே நின்று படம் பிடியுங்கள். அவர் பெயரைக் கேட்டு எழுதுங்கள். படத்தை அவர் கையிற் கொடுத்த பின்னரே விடைபெறுங்கள்.

கல்லூரி அன்னை வாழ்க! அவள் மக்கள் முகங்கள் மறையாது வாழ்க!